பழைய சாலையின் ஓரத்தில்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்பவர்கள் இன்று பெரும்பாலும் வடக்கு தெற்கு விரைவுச் சாலையையே பயன்படுத்துகின்றனர். இச்சாலை 1994-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பேருந்துகளும் கார்களும் லாரிகளும் தாப்பா, கம்பார், கோப்பெங் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களுக்குள் புகுந்துதான் ஈப்போவை அடைந்தன. விரைவுச் சாலை பயண நேரத்தைக் குறைத்தது. அதே வேளையில், பழைய சாலைகளின் ஓரத்தில் இருந்த பல இடங்களைப் பயணிகளின் பார்வையிலிருந்து விலக்கியும் விட்டது.

அவை வழக்கமான சுற்றுலாத் தலங்கள் அல்ல. கடலே இல்லாத ஊரில் ஒரு கப்பல் நிற்கிறது. ஆற்றங்கரை மேட்டில், கட்டி முடிக்கப்படாத ஒரு மாளிகை நிற்கிறது. கடைத்தெருவின் நடுவே ஒரு கோபுரம் சாய்ந்து நிற்கிறது. அரசாங்க அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு முதிய ரப்பர் மரம் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. இவையெல்லாம் ஏன் அங்கே இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பேராக் மாநிலத்தின் வரலாறு கிடைக்கும். அங்கு உழைத்த மக்களின் வரலாறும் அதனோடு சேர்ந்தே கிடைக்கும்.

பாலைநிலத்தில் நிற்கும் ஊர்கள்

உலகில் பாலைவனப் பகுதிகள் இத்தகைய விந்தையான வழியோர இடங்களுக்குப் பெயர் பெற்றவை. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் கூபர் பெடி என்னும் ஊர் உள்ளது. 1915-ஆம் ஆண்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே ஓப்பல் என்னும் மணிக்கல்லைக் கண்டெடுத்தான். கல்லைத் தேடி மக்கள் குவிந்தனர். வெயிலின் கொடுமையிலிருந்து தப்பிக்க அவர்கள் பூமிக்குள் குடைந்து வீடு கட்டிக்கொண்டனர். இன்றும் அவ்வூரில் பலர் நிலத்தடி வீடுகளில் வாழ்கின்றனர்.

ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் பாலைவனத்தில் கோல்மன்ஸ்கோப் என்னும் ஊர் உள்ளது. 1908-ஆம் ஆண்டில், ரயில் தண்டவாளத்தில் குவிந்த மணலை வாரிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி, மின்னும் கல் ஒன்றைக் கண்டு அதைத் தம் மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். அது வைரம். மேற்பார்வையாளர் பெருஞ்செல்வர் ஆனார். லெவாலாவுக்கு அந்தச் செல்வத்தில் பங்கு கிடைக்கவில்லை. மருத்துவமனை, நடன மண்டபம், பனிக்கட்டித் தொழிற்சாலை ஆகியவற்றோடு அங்கே ஒரு நகரமே எழுந்தது. வைரம் குறைந்தபோது மக்கள் வெளியேறினர். 1956-ஆம் ஆண்டோடு ஊர் காலியானது. இன்று அவ்வீடுகளின் அறைகளில் இடுப்பளவு மணல் நிறைந்திருக்கிறது. அதைப் பார்க்கவே பயணிகள் செல்கின்றனர்.

இவ்விரண்டு ஊர்களின் கதையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நிலத்திலிருந்து ஒரு பொருளை எடுக்க மக்கள் வந்தார்கள். கோல்மன்ஸ்கோப்பில் பொருள் தீர்ந்தது, மக்கள் போய்விட்டார்கள், அவர்கள் கட்டியவை மட்டும் நிற்கின்றன. பேராக்கின் கதையும் இதற்கு நெருக்கமானதே.

பேராக்கின் பாலை

பேராக்கில் பாலைவனம் இல்லை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மாநிலம் அது. ஆயினும், கம்பார் முதல் ஈப்போ வரை பரந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கில், சில இடங்களில் மரமின்றிப் பளிச்சென்று வெண்மணல் வெளி தெரியும். அதன் நடுவே ஆழமான குட்டைகள் இருக்கும். அம்மணல் இயற்கையாக வந்து சேர்ந்ததன்று. ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டப்பட்ட கழிவு மணலே அது.

தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தனர். இவற்றுள் பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரியும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். கிந்தா பள்ளத்தாக்கில் நிலத்தைத் திரியச் செய்தது வெயில் அன்று, மனிதனின் தேடல். காடாகவும் ஆற்றுச் சமவெளியாகவும் இருந்த நிலம், ஈயத்துக்காகத் தோண்டப்பட்டு மணல்வெளி ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிக வளமான ஈய வயல்களுள் ஒன்றாகக் கிந்தா விளங்கியது.

கடலைக் காணாத கப்பல்

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சென்றால், ஒரு குட்டையில் மிதக்கும் இரும்புக் கட்டடம் போன்ற ஒன்றைக் காணலாம். மலாய் மொழியில் இதைக் ‘கப்பால் கோரெக்’ என்பர். நம் மக்கள் ‘ஈயக் கப்பல்’ என்பர். தஞ்சோங் துவாலாங் 5-ஆம் எண் ஈயக் கப்பல் என்பது இதன் பெயர். இது 1938-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இதன் எடை சுமார் 4,500 டன். மிதக்கும் அடித்தளம் 75 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் கொண்டது.

இந்தக் கப்பல் வேலை செய்த முறை வியப்புக்குரியது. கப்பலின் முன்புறத்தில் நீண்ட ஏணி போன்ற சட்டம் ஒன்று குட்டையின் அடிவரை இறங்கும். அதில் சங்கிலியாகக் கோக்கப்பட்ட இரும்பு வாளிகள் சுழன்று சுழன்று அடிமண்ணை வாரி மேலே கொண்டு வரும். மேல் தளத்தில் அம்மண் தண்ணீரால் அலசப்பட்டுச் சல்லடையில் சலிக்கப்படும். ஈயத் தாது மணலைவிட இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே ஓடும் நீரில் மணல் அடித்துச் செல்லப்படும். தாது அடியில் தங்கும். மிஞ்சிய மணலும் நீரும் கப்பலின் பின்புறமாகக் கொட்டப்படும். முன்னால் தோண்டிப் பின்னால் கொட்டுவதால், கப்பல் தன் குட்டையைத் தானே தோண்டிக்கொண்டு நிலத்தின் ஊடே மெல்ல நகரும். கடலில்லா ஊரில் கப்பல் நிற்பதன் காரணம் இதுதான்.

இத்தகைய கப்பல்கள் 1913-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தன. அதற்கு முன்பு ஈயத் தொழில், பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களின் கைகளையும் மண்வெட்டிகளையுமே நம்பியிருந்தது. கப்பல்கள் வந்த பிறகும், சீனப் பெண்கள் பலர் ‘டூலாங்’ என்னும் வட்டமான மரத்தட்டை ஏந்தி, ஆற்று நீரில் இடுப்பளவு நின்று ஈயம் அரித்துக் குடும்பத்தைக் காத்தனர்.

தஞ்சோங் துவாலாங் கப்பல் 44 ஆண்டுகள் உழைத்து, 1982-ஆம் ஆண்டில் நின்றது. 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபோது எஞ்சிய சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மற்றக் கப்பல்கள் பிரிக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. இந்த ஒன்று மட்டும் காட்சிப் பொருளாகக் காக்கப்படுகிறது.

கைவிடப்பட்ட குட்டைகளும் வீணாகிவிடவில்லை. சிலவற்றில் மீனும் இறாலும் வளர்க்கப்படுகின்றன. தஞ்சோங் துவாலாங்கின் பெரிய நன்னீர் இறால் நாடறிந்தது. பத்து காஜாவுக்கு அருகில் உள்ள பழைய ஈயக் குட்டைகளில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. கம்பாரிலும் துரோனோவிலும் பழைய ஈய நிலத்தின்மீது இன்று பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. திரிந்த நிலம் மீண்டும் திரிந்து பயன் தருகிறது.

முடியாத மாளிகையும் முடிந்த கோயிலும்

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றின் கரையில், செங்கல் நிறத்தில் ஒரு மாளிகை எழுந்து நிற்கிறது. கெல்லி மாளிகை என்று அழைக்கப்படும் இதைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்தில் 1870-ஆம் ஆண்டில் பிறந்த இவர், தம் இருபதாம் வயதில் மலாயாவுக்கு வந்தார். நில அளவை, சாலைப் பணி ஆகியவற்றில் பொருள் சேர்த்து, காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார்.

1915-ஆம் ஆண்டில் இப்பெரிய மாளிகையின் வேலை தொடங்கியது. ஸ்மித்துக்கு இந்தியக் கட்டடக் கலையின்மீது விருப்பம் மிகுதி. ஆகவே சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வளைந்த வாயில்கள், ஆறு அடுக்குக் கோபுரம், மின்தூக்கிக்கென ஒதுக்கப்பட்ட இடம் என்று மாளிகை உயர்ந்தது. மலாயாவில் மின்தூக்கி என்பதே புதுமையாக இருந்த காலம் அது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது, முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் இங்கும் வந்தது. தொழிலாளர் பலர் இறந்தனர். நோயின் அச்சத்தில் இருந்தவர்கள் தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்டனர். நோய் நீக்கும் தெய்வமாக மாரியம்மனை வணங்குவது நம் முன்னோர் வழக்கம். ஸ்மித் இசைந்தார். மாளிகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் கோயில் எழுந்தது.

கோயிலின் மேற்புறத்தைக் கூர்ந்து பார்த்தால், தெய்வச் சிலைகளுக்கிடையே வெள்ளைச் சட்டையும் காற்சட்டையும் வெயில் தொப்பியும் அணிந்த ஒருவரின் உருவம் தெரியும். அது ஸ்மித்தைக் குறிப்பதாகும். கோயில் கட்ட இடமும் உதவியும் தந்தவரை நன்றி மறவாமல் அங்கே நிறுத்தியிருக்கின்றனர் அக்கலைஞர்கள்.

ஸ்மித் 1926-ஆம் ஆண்டில், பயணத்தின்போது போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். அவருடைய மனைவி தோட்டத்தை விற்றுவிட்டார். மாளிகை முடிவடையவே இல்லை. கதவில்லா அறைகளும் இருண்ட படிக்கட்டுகளும் பேய்க் கதைகளுக்கு இடம் கொடுத்தன. இன்று பயணிகள் பலர் அக்கதைகளைக் கேட்கவே வருகின்றனர்.

கெல்லி மாளிகையைக் கட்டியவர் யார் என்று கேட்டால், எல்லாரும் ஸ்மித் என்றே விடை கூறுவர். சுண்ணாம்பு குழைத்து, செங்கல் அடுக்கி, வளைவு கட்டிய எழுபது பேருள் ஒருவர் பெயரையேனும் சொல்லக் கூடியவர் அரிது. வைரத்தைக் கண்டெடுத்த லெவாலாவின் பெயராவது நூல்களில் இடம்பெற்றுள்ளது. நம் கைவினைஞர்களுக்கு இந்தக் கட்டடமும் கோயிலுமே சான்று. மாளிகை முடியாமல் நின்றது. அவர்கள் கேட்ட கோயில் முடிந்தது. மாளிகையில் குடியிருக்க யாரும் வரவில்லை; கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. கெல்லி மாளிகையைப் பார்க்கச் செல்வோர், அதே பயணத்தில் இந்தக் கோயிலுக்கும் செல்வதே முறை.

சாய்ந்த கோபுரம்

ஈயமும் ரப்பரும் வெளியேறிச் செல்ல ஆற்றுத் துறைமுகங்கள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று பேராக்கின் தெற்கே உள்ள தெலுக் இந்தான். ஆங்கிலேயர் காலத்தில் இதன் பெயர் தெலுக் ஆன்சன். இங்கே லியோங் சூன் சியோங் என்ற சீனக் குத்தகையாளர் 1885-ஆம் ஆண்டில் ஒரு கோபுரத்தைக் கட்டினார். ஊர் மக்களுக்குத் தேவையான குடிநீரைச் சேமித்து வைக்கும் தொட்டி அதன் மேல்தளத்தில் இருந்தது. உச்சியில் ஒரு கடிகாரமும் உண்டு.

25.5 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரம், வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்குகள் கொண்டதுபோல் தோன்றும். உள்ளே ஏறினால் மூன்று தளங்களே இருக்கும். அடிமண் மென்மையானது, மேலே தண்ணீரின் கனம் மிகுதி. ஆகவே கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தது. இத்தாலியின் பைசா நகரக் கோபுரமும் மென்மையான அடிமண்ணால் சாய்ந்ததே. தவறு என்று இடித்துத் தள்ளியிருக்கக் கூடிய கட்டடம், இன்று ஊரின் அடையாளமாக விளங்குகிறது.

ஒரு மரம்

இனி ஈப்போவுக்கு வடக்கே, அரச நகரான கோலகங்சாருக்குச் செல்வோம். அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. பார்ப்பதற்குச் சாதாரண மரம்தான். ஆனால் தீபகற்ப மலேசியாவின் வரலாற்றையே மாற்றிய மரங்களுள் எஞ்சியிருப்பது அது.

ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை சிலவே. 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று நட்டவற்றுள் இந்த ஒரு மரம் மட்டும் நிலைத்திருக்கிறது.

மோட்டார் கார் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் அழிந்து தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களில் உழைக்கத் தஞ்சாவூர், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் வந்தனர். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குள் பல இலட்சம் பேர் வந்துவிட்டிருந்தனர்.

தோட்டத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கும். பெரட்டில் பெயர் கொடுத்த பிறகு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் செல்வர். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். பட்டையை மெல்லிய இழையாகச் சாய்வாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. அந்த அளவு, கைக்குப் பழக்கத்தால் மட்டுமே வரும். மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிச் சுமந்து வந்து நிறுக்கக் கொடுப்பர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. கோலகங்சாரின் அந்த ஒற்றை மரத்தடியில் நிற்கும்போது இவையெல்லாம் நினைவுக்கு வர வேண்டும்.

பெயர்ப்பலகை இல்லாத இடங்கள்

மேலே கூறிய இடங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை உண்டு. பெயர்ப்பலகை இல்லாத இடங்களும் பேராக்கின் பழைய சாலைகளில் பல உள்ளன. அவை பழைய ரப்பர் தோட்டங்கள் இருந்த இடங்கள்.

1960-களிலிருந்து ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை. வேறு சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்ட மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். வரிசை வரிசையாக நின்ற லயன் வீடுகள் இடிக்கப்பட்டன. ஈய வயலில் இயந்திரமாவது காட்சிக்கு மிஞ்சியது. இங்கே ஒரு தலைமுறையின் வீடு, தெரு, திடல், கள்ளுக்கடை, பிள்ளைக்காப்பகம் ஆகிய அனைத்தும் மண்ணோடு போயின.

ஆயினும் கூர்ந்து பார்ப்பவர்க்குச் சில அடையாளங்கள் தென்படும். செம்பனை மரங்களின் நடுவே ஒரு சிறு மாரியம்மன் கோயில் தனியாக நிற்கும். ஆண்டுக்கொரு முறை திருவிழாவின்போது, பட்டணத்துக்குப் போன பழைய தோட்ட மக்கள் அங்கே கூடுவர். சாலையோரத்தில் ஒரு வேப்பமரமோ முருங்கையோ கறிவேப்பிலையோ காடாக வளர்ந்திருக்கும். அது ஒரு வீட்டின் கொல்லைப்புறமாக இருந்திருக்கலாம். வேறோர் இடத்தில் தமிழ்ப்பள்ளியின் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல் இருக்கும். சுற்றிலும் ஒரு ரப்பர் மரமும் இராது. தோட்டம் மறைந்த பிறகு அதன் பெயரைக் காப்பது அப்பள்ளியே.

இவற்றைக் காண நுழைவுச்சீட்டு தேவையில்லை. ஆனால் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் தேவை. அங்கே வாழ்ந்தவர்களே சிறந்த வழிகாட்டிகள். அவர்கள் முதுமை எய்திவிட்டனர். பெரட்டுக் களம் எங்கே இருந்தது, கிணறு எந்தப் பக்கம், கோயிலை யார் கட்டினார்கள் என்பன அவர்கள் நினைவில்தான் உள்ளன. அவர்கள் மறைந்தால், செம்பனைக் காட்டில் நிற்கும் அந்தச் சிறு கோயிலும் ‘யாரோ கட்டியது’ ஆகிவிடும்.

போவோர் கவனத்திற்கு

இத்தகைய இடங்களுக்குச் செல்லும்போது சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். பழைய ஈயக் குட்டைகளின் நீர் அமைதியாகத் தெரியும். ஆனால் கரை மணல் சரியும், ஆழமும் மிகுதி. அங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது. தோட்ட நிலம் இன்று யாருக்கோ சொந்தமானது. ஆகவே அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். பழைய சுவர்களில் பெயர் கிறுக்குவதும், கல்லையோ ஓட்டையோ நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் தவறு. கோயில்களில் வழிபடுவோருக்கு இடையூறு செய்யாமல் நடந்துகொள்ள வேண்டும்.

கையில் ஒரு குறிப்பேடு இருப்பது நல்லது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுதிக்கொள்ளலாம். இது எதற்காகக் கட்டப்பட்டது? இங்கே வேலை செய்தவர்கள் யார்? வேலை நின்ற பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் பெயர்ப்பலகையிலேயே இருக்கும். இரண்டாவதற்குச் சில நூல்கள் உதவும். மூன்றாவது கேள்வியை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். தாத்தாவோ பாட்டியோ எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், அந்தத் தோட்டம் இப்போது என்னவாக இருக்கிறது என்று கேட்டு எழுதத் தொடங்கினால், அடுத்த பயணத்தில் எந்தச் சாலையில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.